காப்பி மெஷின் குடிக்கும் கரண்ட்

1

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் மனைவி லில்லிபாய். எனக்கு என் பெயரை எழுத வரும். அதற்கு மேல் கை ஓடாது. அவள் இரணியல் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை போனவள். நான் வாயில் வந்தபடி சொன்னாலும் அவள் அதை அச்சுத் தமிழாக்கி எழுதிவிடுவாள்.

ஊரில் சபை மலருக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுபவம் எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டார்கள். பனியைப் பற்றி எழுதுங்கள் என்றார்கள். பனியைப் பற்றி என்ன இருக்கிறது எழுத? வெள்ளையாகக் கிடக்கிறது, காலை வைத்தால் வழுக்குகிறது. அது முடிந்துபோயிற்று. நான் எங்கள் வீட்டுக் காப்பி மெஷினைப் பற்றியும் அது குடிக்கிற கரண்டைப் பற்றியும் சொல்லப்போகிறேன்.

"அத எழுதினா ஊரே இருந்து சிரிக்கும்" என்றாள் லில்லிபாய்.

"சிரிக்கட்டு. நீ எழுதுட்டி."

நாங்கள் இருப்பது லண்டன். ராணி இருந்த லண்டன் இல்லை. கனடாவிலும் ஒரு லண்டன் இருக்கிறது. ஊரிலிருந்து போன் பேசுகிறவர்கள் எல்லாம் அரண்மனை பக்கத்திலா என்று கேட்கிறார்கள். திருத்தித் திருத்தி ஓய்ந்துவிட்டேன். இப்போது, ஆமாம், பக்கந்தான் என்று சொல்லிவிடுகிறேன்.

மகள் ஷீபா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருமகன் பிஜு ஒரு பெரிய கிட்டங்கியில் விடியற்கால வேலைக்குப் போகிறார். பேத்தி ரியா நாம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். நானும் லில்லிபாயும் வீட்டுக்குக் கீழ் அறையில் இருக்கிறோம். தரைக்கு அடியில் அறை கட்டி மனிதர்களை வைத்திருப்பது இந்த ஊர் வழக்கம். ஜன்னல் உண்டு. அதில் புல்லின் வேர்ப்பக்கம் தெரியும்.

போன வருஷம் எங்கள் கல்யாண நாளுக்கு ஷீபாவும் பிஜுவும் ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். "ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்" என்றாள் ஷீபா. பெட்டியை லில்லிபாய் பிரித்தாள். உள்ளே கறுப்பாக ஒரு காப்பி மெஷின். கண்ணாடிக் குடுவை, அதைச் சூடாக வைத்திருக்க அடியில் ஒரு தட்டு, ஒரு மணி காட்டி, ஒரு சிவப்பு விளக்கு. இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்த சாமான் எங்களுக்கு நடுவிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கல்யாண நாள் மறுபடியும் வருகிறது. அதுதான் இதைச் சொல்லத் தோன்றியது.

2

ஊரில் என் வேலை ரப்பர் பால் வெட்டு. குலசேகரத்துக்குப் பக்கம் ஒரு தோட்டம். பட்டையில் கத்தியைச் சாய்த்து ஓட்டினால் பால் சொட்டுச் சொட்டாக இறங்கிச் சிரட்டையில் விழும். வெயில் ஏறினால் பால் இறங்காது. அதனால் இருட்டோடே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். நாலு மணிக்கு எழுவேன். அடுப்பை மூட்டி, கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, கொதி வந்ததும் காப்பிப்பொடியும் ஒரு நுள்ளு சுக்கும் போட்டு இறக்குவேன். பாதி எனக்கு, பாதி லில்லிபாய்க்கு.

ஆண்பிள்ளை அடுப்படிக்குப் போனால் கேலி செய்கிற காலம் அது. என்னோடு வெட்டுகிற தேவதாஸ் ஒருநாள் வழியில் கேட்டான்.

"உனக்குப் பெண்டாட்டி காப்பி போட்டுத் தர மாட்டாளாலே?"

"அவளுக்கு நான்லா போட்டுக் குடுக்கேன்" என்றேன்.

அன்று தோட்டம் முழுக்க அதுதான் பேச்சு. எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஏனென்று சொல்கிறேன். லில்லிபாய் பகலில் அதிகம் பேசாதவள். அவளிடமிருந்து நாலு வார்த்தை வாங்குவது பெரும்பாடு. ஆனால் விடியக்காலையில் தட்டி எழுப்பி, கட்டிலில் உட்காரவைத்து, டம்ளரைக் கையில் கொடுத்தால் கண்ணைத் திறக்காமலே குடிப்பாள். குடித்துக்கொண்டே பேசுவாள். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது என்பாள். ஷீபாவுக்கு இருமல் விடவில்லை என்பாள். செத்துப்போன அண்ணன் கனவில் வந்து வாசலில் நின்றான், உள்ளே வா என்றால் வரவில்லை என்பாள். இப்படி ஒன்றோடொன்று ஒட்டாமல் பேசிக்கொண்டே போவாள். அந்தப் பேச்சு முழுக்க எனக்கு மட்டும். வேறு யாரும் கேட்டதில்லை. விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் நடக்கும்போது அதையே நினைத்துக்கொண்டு போவேன்.

கால் முட்டு தேய்ந்து பால் வெட்டை நிறுத்தினேன். நாலு மணிக் காப்பியை நிறுத்தவில்லை. கனடாவுக்கு வந்தும் நிறுத்தவில்லை. அதற்காகவே பெட்டியில் கருப்பட்டி கொண்டுவந்தோம். விமான நிலையத்தில் ஒரு உத்தியோகஸ்த அம்மாள் அதை எடுத்து உருட்டிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், இது என்ன என்றாள். லில்லிபாய் "சுகர்" என்றாள். அதே நேரத்தில் நான் "காப்பி" என்றேன். ஒரு பொருளுக்கு இரண்டு பேர் இரண்டு பதில் சொன்னதால் எங்களைத் தனியாக ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். இன்னொருவர் வந்து கருப்பட்டியை நடுவில் வெட்டிப் பார்த்தார். அதற்குள் ஒன்றும் இல்லை, கருப்பட்டிதான் இருந்தது. வெளியே ஷீபா அழுதுகொண்டு நின்றாளாம்.

"நான் சுகர்னு சொன்னதுதானே சரி" என்கிறாள் லில்லிபாய், இதை எழுதும்போது. சரி, எழுதிக்கொள்.

3

மெஷின் வந்த அன்று ராத்திரியே பிஜு அதில் நேரம் வைத்தார்.

"மாமி, நாளைக்கு ஆறு மணிக்கு அதுவே காப்பி போட்டிரும். நீங்க வந்து குடிச்சாப் போரும்."

"கொள்ளாமே மக்கா" என்று சந்தோஷப்பட்டாள்.

மறுநாள் நாலு மணிக்கு நான் வழக்கம்போலக் காப்பியோடு கட்டில் பக்கம் போய் நின்றேன். நான் காப்பி போடுவது கீழேயே, ப்ளக்கில் மாட்டுகிற ஒரு சின்ன அடுப்பில். தோளைத் தட்டினேன். அவள் திரும்பிப் படுத்தாள்.

"எனக்கு வேண்டாம். ஆறு மணிக்கு மெஷின் காப்பி குடிச்சிக்கிடுகேன். நீங்க குடியுங்க."

டம்ளரோடு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு என் பாதியையும் குடித்து அவள் பாதியையும் குடித்தேன்.

ஆறு மணிக்கு மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போனேன். அடுக்களையில் லில்லிபாய் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேடையில் சாய்ந்து நிற்கிறாள். கல்யாண வீட்டில் நிற்கிற பெண்ணைப்போல நிற்கிறாள். பிஜு வேலைக்குப் போகக் கோட்டும் தொப்பியுமாக எதிரே நிற்கிறார். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

"என்னட்டி சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல."

பிஜுதான் சொன்னார். "மாமிக்க அண்ணன் கனவுல வந்தாராம் மாமா. பனியில செருப்பில்லாம வந்து நிக்காராம். விசா கிடைக்கல்ல, அதனால உள்ள வரல்லன்னு சொன்னாராம்."

அண்ணன் கனவில் வந்த கதை எனக்கு வர வேண்டியது. அதை அவள் ஒரு மெஷின் காப்பியைக் குடித்துவிட்டு வேறு ஆளிடம் சொல்லிவிட்டாள். எனக்கு ஒரு வெப்ராளம், ஒரு ஆற்றாமை, வந்தது பாருங்கள். நெஞ்சுக்குள் கருப்பட்டி கரைகிற மாதிரி கறுப்பாகக் கரைந்து இறங்கியது. மருமகன்மேல் கோபப்பட முடியாது. தங்கமான பையன், நான் இருப்பதும் அவர் வீட்டில். லில்லிபாய்மேல் கோபப்பட்டால் காரணம் சொல்ல வேண்டும். மெஷினோ ஒன்றும் அறியாததுபோலச் சிவப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டு இருந்தது.

ஒரு மனிதன்மேல் பொறாமை என்றால் வழியில் மறித்துச் சண்டை போடலாம். மெஷின்மேல் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் நான் கரண்டைப் பிடித்துக்கொண்டேன்.

4

நம் ஊரில் கரண்டுக்கு ஒரு விளிம்பு உண்டு. உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் வரை ஒரு கணக்கு, அதைத் தாண்டிவிட்டால் கணக்கே வேறு. அதனால் ரீடிங் எடுக்க ஆள் வரும் வாரம் எங்கள் வீட்டில் மிக்சி வாயைத் திறக்காது. இஸ்திரிப் பெட்டி அலமாரிக்கு மேலே ஏறிவிடும். பிள்ளைகள் கசங்கின சட்டையோடு பள்ளிக்கூடம் போகும். லில்லிபாய் தினமும் மீட்டர் பெட்டியை எட்டிப் பார்த்து, "இன்னும் கொறச்சிதான் பாக்கி" என்பாள், பத்திய மருந்து கொடுக்கிற மாதிரி. ரீடிங் எடுத்து ஆள் அங்கே படி இறங்கினால் இங்கே மிக்சி ஓடும். என் மைத்துனன் கெட்டிக்காரன்; மாடிக்கு ஒரு மீட்டர், கீழே ஒரு மீட்டர் வைத்து இரண்டு வீடு என்று ஆக்கிவிட்டான். நடுவில் ஒரு படிக்கட்டுதான் இருந்தது.

கனடாவிலும் அந்த விளிம்பு இருக்கும் என்று நான் நம்பினேன். இந்த மெஷின் ஒருநாள் வீட்டையே தூக்கி விளிம்புக்கு அந்தப் பக்கம் போட்டுவிடும், மருமகன் பில்லைப் பார்த்துத் தலையில் கை வைப்பார் என்று நினைத்தேன். பாதி பயந்தான். மீதிப் பாதி, அப்படி நடக்கட்டும் என்ற ஆசை.

சாப்பிடும்போது மெதுவாக எடுத்தேன். "மருமவனே, இந்த மாசம் எத்தற யூனிட்டு ஆச்சி?"

"தெரியாது மாமா. பில்லு போன்ல வரும். பைசா பேங்குல இருந்து தன்னால போயிரும்."

"தன்னால போவுமா? நீரு பாக்க மாட்டீரா?"

"பாத்து என்ன செய்ய?"

உருட்டிய சோற்றைத் தட்டிலேயே வைத்தேன். மீட்டரை யாரும் பார்க்காத வீட்டில் என்ன நியாயம் கிடைக்கும்?

"அந்த மெஷினு சூடாக்குகு பாத்தீரா, சூடாக்குக சாமானந்தான் கரண்டைத் தின்னும். காப்பி போட்டு முடிஞ்ச பெறவும் தட்டு சுட்டுக்கிட்டே கெடக்கு. வெளிம்பு தாண்டிச்சின்னா பெறகு பிடிச்சா கிட்டாது."

ஷீபா சிரித்தாள். "அப்பா, இஞ்ச அப்பிடி வெளிம்பு ஒண்ணும் நமக்கு இல்ல. நேரத்துக்குத்தான் வெல. காலம்பற ஏழு மணிக்கு முன்ன மலிவு. சனி, ஞாயிறு முழுக்க மலிவு."

"அப்பம் ஆறு மணிக்கு?"

"ஆறு மணிக்கு நல்ல மலிவு."

பாருங்கள், நேரம்கூட அந்த மெஷின் பக்கந்தான் நிற்கிறது.

5

ரப்பரில் சில மரம் உண்டு. பாலெடுத்து வாளியில் ஊற்றிவிட்டு நாம் வீட்டுக்கு வந்துவிடுவோம். அது நிறுத்தாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். சிரட்டை நிறைந்து, வழிந்து, மண்ணில் போகும். யாருக்கும் பிரயோசனம் இல்லாத சொட்டு. மெஷினின் சிவப்பு விளக்கையும் மணி காட்டுகிற எண்ணையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மரம்தான் ஞாபகம். ஊரில் என்றால் சுவரில் சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டுப் படுக்கலாம். இங்கே சுவரில் சுவிட்ச் இல்லை. வெறும் ஓட்டை. அதனால் ஒருநாள் படுக்கப்போகுமுன் ப்ளக்கையே பிடுங்கிவிட்டேன். மெஷின் கண்ணை மூடியது. எனக்கு அன்று நல்ல உறக்கம்.

ப்ளக்கைப் பிடுங்கினால் அது மணியை மறந்துபோகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? காலையில் அடுக்களையில் ஒரே பெகளமும் சத்தமும். குடுவை காலி. லில்லிபாய் ப்ளக்கை மாட்டிவிட்டு, இப்போது வரும் இப்போது வரும் என்று பிஜுவை நிறுத்திவைத்திருக்கிறாள். மெஷினில் பன்னிரண்டு பன்னிரண்டு என்று மின்னிக்கொண்டிருக்கிறதே ஒழிய ஒரு சொட்டு வரவில்லை. பிஜு காப்பி இல்லாமல், பிந்திப்போய், மேலாளரிடம் ஏச்சு வாங்கினார்.

ஷீபா ராத்திரி வேலை முடிந்து வந்ததும் நேரே என்னிடம் வந்தாள்.

"அப்பா, ப்ளக்கப் பிடுங்கினியளா?"

"கரண்டு ஒழுகுதுல்லா மக்ளே."

"ஒழுகட்டு. ஒரு பைசாக்கு ஒழுகும். அவரு நின்னு ஏச்சு கேட்டிருக்காரு. இனி அதத் தொடப்பிடாது, கேட்டியளா?"

சின்ன வயதில் கத்தியைத் தொடாதே என்று நான் அவளிடம் சொன்ன அதே குரல். ரியா மெஷினுக்கு பாபி என்று பேர் வைத்திருந்தாள். பாபியைத் தாத்தா கொன்றுவிட்டார் என்று இங்கிலீஷில் அழுதாள். எனக்கு அவள் செல்லப்பேர் ஒன்றும் வைத்ததில்லை. அதையும் அன்றுதான் கவனித்தேன்.

லில்லிபாய் மெஷினைத் துணியால் துடைத்தாள். அந்தத் துடைப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

"எத்தற பைசான்னு தெரியாம ஆளாளுக்குப் பேசப்பிடாது" என்றேன். "கணக்கு வரட்டு. பெறவு பாப்போம்."

6

சண்டை வேண்டாம் என்று பிஜுதான் ஒரு வழி சொன்னார். "மாமா, ஒவ்வொரு சாமானமும் எத்தற கரண்டு எடுக்குன்னு பாக்க ஒரு சின்ன மீட்டர் உண்டு. லைப்ரரியில இரவல் தருவாங்க."

"லைப்ரரியில புஸ்தகம்லா தருவான்?"

"இஞ்ச மீட்டரும் தருவாங்க."

பிஜுவின் நூலக அட்டையில் எடுக்க முடியவில்லை. ரியா எடுத்த படப் புத்தகங்கள் திரும்பிப் போகாமல் அட்டை முடங்கிக் கிடந்தது. அதனால் என் பேரில் ஒரு அட்டை போட்டார்கள். புத்தகம் வாசிக்கத் தெரியாத எனக்கு நூலகத்தில் அட்டை. விலாசத்துக்குச் சான்று கேட்டார்கள், படம் போட்ட சான்று கேட்டார்கள். எல்லாம் பிஜு எடுத்து நீட்டினார். இங்கே அப்பா பேரைக் கடைசிப் பேராக எழுதிவிட்டதால் எந்த ஆபீசுக்குப் போனாலும் என்னை என் அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நூலகத்து அம்மாள் "மிஸ்டர் வேதமணி" என்றதும் நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். அப்பா நூலகத்துப் படி ஏறினவர் இல்லை.

எந்த மொழியில் வாசிப்பீர்கள் என்று கேட்டாள். நான் பிஜுவைப் பார்த்தேன். பிஜு "தமிழ்" என்றார். அது பொய் இல்லை. என் பெயரைத் தமிழில்தான் வாசிப்பேன். கையெழுத்துப் போட்டேன். ஒரு சின்னப் பையில் மீட்டரைப் போட்டுத் தந்தாள். நல்ல வாசிப்பு அமையட்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம். பிஜு காரில் வரும்போது சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

7

சனிக்கிழமை காலை பந்தயம். நான் ஜெயித்தால் மெஷின் பெட்டிக்குள் போக வேண்டும், லில்லிபாய் பழையபடி என் காப்பியைக் குடிக்க வேண்டும். நான் தோற்றால் கரண்டைப் பற்றி இந்த வீட்டில் வாயே திறக்கக் கூடாது. ஷீபா இரண்டு பேரிடமும் கையடித்து வாங்கினாள்.

"சனிக்கிழம வச்சா கரண்டும் மலிவு" என்றார் பிஜு. அவருக்கு எல்லாம் விளையாட்டு.

முதலில் மெஷின். சுவருக்கும் ப்ளக்குக்கும் நடுவில் மீட்டரை மாட்டினார்கள். மெஷின் சீறியது, கனைத்தது, சொட்டியது. தட்டு சுட்டுக்கொண்டு இருக்கிற நேரத்தையும் சேர்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததால் எல்லோரும் குடுவையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். பிறகு பிஜு மீட்டரைப் பார்த்து எண்ணைச் சொன்னார். ஷீபா அதைக் காலண்டர் ஓரத்தில் எழுதினாள்.

அடுத்து நான். கீழேயிருந்து என் அடுப்பை எடுத்துவந்தேன். அது ஷீபா இங்கே வந்த புதிதில் யாரோ தெருவில் போட்டதை எடுத்துவைத்தது. சுருள் சூடாகிச் சிவக்கவே நேரம் பிடிக்கும். கருப்பட்டியைத் தட்டிப் போட்டேன். கருப்பட்டி கரைய வேண்டும், கொதிக்க வேண்டும், பொங்கி வரும்போது தூக்கி, அடங்க விட்டு, மறுபடி வைக்க வேண்டும். அவசரப்பட்டால் அது காப்பி இல்லை. நான் காப்பியைப் பார்க்கவில்லை. மீட்டரில் எண் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எழுத்து வராது, எண் வரும். என் காப்பி முதல் தடவை பொங்குமுன்பே மெஷினின் எண்ணைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போயிற்று.

ஷீபா அந்த எண்ணையும் காலண்டர் ஓரத்தில் எழுதினாள். பிஜு, "அடுப்பு பழசு மாமா. அதனாலயா இருக்கும்" என்றார்.

"அடுப்பக் குத்தம் சொல்லாண்டாம் மக்கா" என்றாள் லில்லிபாய்.

"மெஷினுக்கு மாசத்துக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

பிஜு போனில் கணக்குப் போட்டுப் பார்த்தார். "மாசம் முழுக்க ஓடினாலும் வெளிய வாங்குக ஒரு காப்பிக்க வெலதான் மாமா. உங்க அடுப்புன்னா அதவிடக் கூட."

இத்தனை நாள் நான் மெஷினுக்கு எதிராகத் தூக்கிக்கொண்டு நின்ற கரண்ட் என் காலிலேயே விழுந்தது. அதிகம் தின்கிறவன் நான். போட்ட காப்பியை என்ன செய்ய? டம்ளரில் ஊற்றி லில்லிபாய்க்கு நீட்டினேன். வாங்கிக் குடித்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எப்பிடி?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. எப்பவும் நல்லாத்தான் இருந்திச்சி."

"மெஷின் காப்பியவிட?"

"மெஷின் காப்பி வாயில வைக்கக் கொள்ளுமா? வெறும் தண்ணி."

8

"பின்ன என்னட்டி?" என்று கேட்டேன். மகளும் மருமகனும் நிற்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. "பின்ன எதுக்கு அதக் குடிக்க?"

லில்லிபாய் டம்ளரைக் கீழே வைத்தாள். "காப்பி நல்லது. நாலு மணி நல்லதில்ல."

எனக்குப் புரியவில்லை.

"வெட்டுக்குப் போன காலத்துல எழுப்பினிய, சரி. மழ பெஞ்சா வெட்டு உண்டா? அன்னைக்கும் எழுப்பினிய. முட்டு போயி வீட்டுல இருந்திய. அன்னைக்கும் எழுப்பினிய. இஞ்ச வந்தாச்சி. இஞ்ச ரப்பரும் இல்ல, பாலும் இல்ல, மனுசன் வெளிய எறங்க முடியாத குளிரு. அப்பவும் நாலு மணிக்கு வந்து தோளத் தட்டிக்கிட்டு நிக்கிய. நான் எப்பந்தான் ஒறங்க?"

"நீ ஒருநாளும் சொல்லல்லியே."

"காப்பியும் போட்டுக் கொண்டாந்து நிக்க மனுசன்ட்ட எப்பிடிச் சொல்ல? மெஷின் ஆறு மணிக்குன்னு சொன்னதும் எனக்கு அது சொர்க்கமா இருந்திச்சி. காப்பிக்கா? ஆறு மணிக்கு."

"அப்பம் நீ பேசுவியே. கண்ண மூடிக்கிட்டு. கெணத்துத் தண்ணி, அண்ணன் கனவு, எல்லாம் சொல்லுவியே."

அவள் என்னைப் பார்த்தாள். "அது ஒறக்கத்துல ஒளறினதுல்லா? நீங்க அதப் பேச்சுன்னா வச்சிருந்திய?"

ஷீபா முதலில் சிரித்தாள். பிறகு பிஜு. பிறகு லில்லிபாய். நான் சிரிக்கவில்லை. மீதிக் காப்பியை எடுத்து நான் குடித்தேன். மெஷின்மேல் இருந்த பொறாமை அந்த நிமிஷமே இடம் மாறிப்போயிற்று. எனக்கென்றே அவள் சொன்னதாக நான் வைத்திருந்ததெல்லாம் அவளுடைய தூக்கம் சொன்னது. இத்தனை வருஷமும் அவள் தூக்கத்தோடுதான் இருந்திருக்கிறாள். நான் பக்கத்தில் டம்ளரோடு நின்றிருக்கிறேன். தூக்கத்தின்மேல் பொறாமைப்பட்டு என்ன செய்ய? அதற்கு ப்ளக்கும் இல்லை.

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு லில்லிபாய் சொன்னாள். "எழுப்ப அம்புட்டு ஆசன்னா ஆறு மணிக்கு எழுப்புங்க. யாரு வேண்டாம்னா?"

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இது போரும், இதோட அனுப்பிருவோம்" என்கிறாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

9

இந்தப் பகுதியை எழுதுகிறவர் பிஜு. லில்லிபாய் ஷீபாவோடு கடைக்குப் போயிருக்கிறாள்.

ஆறு மணிக்கு எழுப்பலாம் என்று உத்தரவு கிடைத்த மறுநாள், நாலு மணிக்கே மேலே வந்து உட்கார்ந்திருந்த நான் சரியாக ஆறுக்குப் படி இறங்கிப் போனேன். பாதிப் படியில் இருக்கும்போதே மேலே மெஷின் சீற ஆரம்பித்துவிட்டது. அறைக்குள் போனால் அவள் எழுந்து முடியை முடிந்துகொண்டிருக்கிறாள். "வந்தியளா? மெஷினே என்ன எழுப்பிட்டு" என்றாள்.

எனக்கு இப்போதும் நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடும். அது மாறாது. ஓசைப்படாமல் மேலே வந்து அடுக்களையில் உட்கார்ந்திருப்பேன். நானும் மெஷினும் மட்டும். அது மணியைக் காட்டிக்கொண்டிருக்கும், நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரே ஆளுக்காக இரண்டு பேர் காத்திருக்கிறோம். ஆறு ஆகப்போகிறது என்றதும் ப்ளக்கைப் பிடுங்கிவிடுவேன். படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாகப் படி இறங்கி, அவளை எழுப்பிவிட்டு, மேலே வந்து மறுபடி மாட்டி, கையால் பட்டனை அமுக்குவேன். அமுக்கியதும் காப்பி சொட்ட ஆரம்பிக்கும்.

எந்தப் பட்டன் என்று காட்டித் தந்தது பிஜு. ஒருநாள் நான் குனிந்து ப்ளக்கோடு நிற்கும்போது வந்துவிட்டார். ஏசுவார் என்று பார்த்தேன். "மாமா, இந்தப் பட்டன்" என்றார், அவ்வளவுதான். காப்பி கொஞ்சம் பிந்துவதால் அவர் தூக்குக் கப்பில் ஊற்றிக்கொண்டு போகிறார். தினமும் ராத்திரி நேரம் வைத்தாலும் காலையில் மெஷினில் பன்னிரண்டு மின்னுகிறதே என்று ஷீபா கேட்டாள். "அதுக்கு வயசாயிட்டு" என்று பிஜு சொல்லிவிட்டார்.

மீட்டரை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். கரண்ட் எவ்வளவு ஆகிறது என்று நான் இப்போது கேட்பதில்லை. நான் ப்ளக்கைப் பிடுங்குவது கரண்டுக்காக இல்லை.

லில்லிபாய் இப்போது கண்ணைத் திறந்துதான் பேசுகிறாள். அதனால் பேச்சு குறைவு. அண்ணன் கனவில் வந்தால் பிஜுவுக்கும் எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறாள். எனக்கு அதில் இன்னும் கொஞ்சம் வெப்ராளம் உண்டு, மறைக்கவில்லை. சபை மலர் அச்சாகி வந்து, அவள் தங்கச்சி இதை வாசித்து, போன் போட்டுச் சொல்லும்போது லில்லிபாய்க்குத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

நேற்றும் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் போய்த் தோளைத் தட்டினேன்.

"ஏட்டி, எந்தி. மணி ஆறாச்சி."

கண்ணைத் திறந்தாள். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள். "மெஷின் சத்தம் ஒண்ணும் கேக்கல்லியே?"

"அது இன்னும் எந்திக்கல்ல" என்றேன். "நீ எந்தி."